எலும்புக்கு ஓய்வு, மூட்டுக்கு அசைவு

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் பிரியும் ஆவடி சாலையில் போனால், ஆவடியில் திருவள்ளூர் நெடுஞ்சாலை வந்து சேரும். அது திருத்தணி, நகரி தாண்டி ஆந்திரத்தின் புத்தூருக்குக் கொண்டுபோய் விடும். கை முறிந்தவர்களும் கால் முறிந்தவர்களும் பல தலைமுறைகளாகப் போய்வந்த வழி இது. புத்தூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் ஒரு ராஜு குடும்பம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறது. இன்று அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். "புத்தூர் கட்டு" என்ற பலகை சென்னைப் புறநகரில் நாலு தெருவுக்கு ஒன்று தென்படுகிறது. பூந்தமல்லியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகள் இத்தனை வந்த பிறகும் அந்தப் பலகைகள் குறையவில்லை.

கட்டுப் போடும் முறை இதுதான். முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, இழுத்து நேராக்குவார்கள். பச்சிலைச் சாறு தடவி, முட்டையின் வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வரிசையாக வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். வெள்ளைக்கரு காய்ந்ததும் துணி விறைத்து அட்டை போல ஆகிவிடும். சில நாள் கழித்து அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். இதில் குணமானவர்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஏன் குணமானது என்ற கேள்விக்கு விடை தேடினால்தான், எங்கே குணமாகாது என்பதும் பிடிபடும்.

எலும்பு தானாகக் கூடும். அதைக் கூட வைக்கும் மருந்து வைத்தியரிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. முறிந்த நிமிடத்திலேயே அந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறையத் தொடங்கும். அந்த உறைவுக்குள் புது இரத்தக் குழாய்கள் நுழையும். இரண்டு மூன்று வாரத்தில் முறிந்த இரு முனைகளையும் பிணைத்து மெத்தென்ற ஒரு திசு உருவாகும். பிறகு அதில் கால்சியமும் பாஸ்பரசும் படிந்து கெட்டியாகும். கைக்கு ஆறு வாரம், காலுக்குப் பன்னிரண்டு வாரம் என்று டாக்டர்கள் சொல்லும் தோராயக் கணக்கு இந்தக் கெட்டிப்படும் காலத்துக்குத்தான். குழந்தைகளுக்கு இதில் பாதியே போதும். அதன் பிறகும் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில், எலும்பு தன் மேட்டைச் செதுக்கி, பள்ளத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்பு மட்டும் தழும்பே இல்லாமல், அசல் எலும்பாகவே திரும்ப வளரும். உடம்பில் இப்படிச் செய்யக்கூடிய உறுப்புகள் மிகச் சில.

இதற்கு எலும்பு கேட்பது மூன்று: முனைகள் நேருக்கு நேர் இருக்க வேண்டும், ஆடக் கூடாது, இரத்த ஓட்டம் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் மூங்கில் பத்தை தர முடியும். 1850-களின் தொடக்கத்தில் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் மத்தைசன், துணியில் ஜிப்சத் தூளை ஏற்றி, நனைத்துக் கட்டும் மாவுக்கட்டை உருவாக்கினார். அதன் வேலையும் இதே வேலைதான். ஆகவே எலும்பு பெரிதாக விலகாத, தோல் கிழியாத, சாதாரண முறிவுக்கு எந்தக் கட்டு போட்டாலும் கூடிவிடும். இந்த இடத்தில் நாட்டு வைத்தியத்தின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். எக்ஸ்ரே என்ற ஒன்று 1895-இல் ராண்ட்கன் கண்டுபிடிக்கும் வரை உலகில் எல்லோருமே தடவிப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. குழந்தை மாடிப்படியிலோ ஊஞ்சலிலோ விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். அந்த இடத்தை ஒட்டித்தான் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. அங்கே இறுக்கிக் கட்டினால், உள்ளே வீக்கம் ஏற ஏற, விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். தசைக்கு இரத்தம் போகாது. ஆறு மணி நேரம் இப்படி இருந்தாலே தசை சாகத் தொடங்கிவிடும். பிறகு எலும்பு அழகாகக் கூடும், ஆனால் விரல்கள் மடங்கிப்போய், கை கொக்கி போல நின்றுவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் இதை விவரித்து எழுதினார். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இறுக்கமான மாவுக்கட்டாலும் இதே கேடு வரும். மூங்கிலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

ஆகவே யார் கட்டுப் போட்டிருந்தாலும் முதல் இரண்டு நாள் வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது விரல்களை. கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனியை அழுத்தி விட்டால், வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிள்ளையின் விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். அதற்கே துடித்து அழுதால், மரத்துப்போனது என்று சொன்னால், மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டை உடனே பிரிக்க வேண்டும். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம் அது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த காயத்திலும் கட்டு வேலைக்காகாது. அதற்குள் மண்ணும் கிருமியும் போயிருக்கும். கழுவி, ஆன்டிபயாடிக் ஊசியும் தடுப்பூசியும் முதல் சில மணி நேரத்தில் தந்தாக வேண்டும். மேலே மெட்ரோ பாலமும் கீழே லாரியும் ஷேர் ஆட்டோவும் பைக்குமாக நெருக்கியடிக்கும் நம் பூந்தமல்லிச் சாலையில் இந்தக் காயங்கள் அன்றாடம் நடக்கக் கூடியவை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்று கேட்க மாட்டார்கள். காசில்லையே என்று முறிந்த காலோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வயதானவர்களின் இடுப்பு முறிவு இன்னொரு கதை. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்றால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியோ அதற்குக் கீழேயோ முறிந்திருக்கும். அந்தக் கழுத்து வழியாகத்தான் எலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்தம் ஏறுகிறது. கழுத்து முறிந்தால் குழாயும் அறுபடும். எத்தனை மாதம் கட்டி வைத்தாலும் பெரும்பாலும் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து படுக்கை. படுத்த படுக்கையான முதியவரைப் படுக்கைப் புண்ணும், நுரையீரல் சளியும், காலில் உறையும் இரத்தமும் கொண்டுபோய்விடும். "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கணக்கு தலைகீழ். ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை செய்து, உட்கார வைத்து, நடக்க வைப்பதுதான் அவரைக் காப்பாற்றும் வழி. வயது கூடக் கூட இதன் அவசரமும் கூடுகிறது.

அந்த எலும்பு ஒரு சிறு விழுதலுக்கே ஏன் ஒடிந்தது? எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க அருகருகே வேலை செய்கின்றன. வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதுக்குள் சேர்வதுதான் கையிருப்பு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைய, அரிப்பு கட்டுமானத்தை முந்திவிடும். இந்த எலும்பு மெலிவுக்கு அறிகுறியே கிடையாது. கூன் விழுவதும், உயரம் குறைவதும், மணிக்கட்டு ஒடிவதும்தான் அது வெளியே தெரியும் விதம். ஐம்பதைத் தாண்டி, நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே ஒரு எலும்பு முறிந்தால், கட்டு அவிழ்த்ததோடு விட்டுவிடாமல், எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மெலிவு இருந்தால் வாரம் ஒரு முறை போடும் மாத்திரைகள் உண்டு. வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இதை விளக்கிச் சொல்லாததால் நெஞ்செரிச்சல் வந்து பாதியில் மாத்திரையை விட்டவர்கள் ஏராளம்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி குறைகிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். தோலில் அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் நண்பகலை ஒட்டித்தான் நன்றாகக் கிடைக்கும். கண்ணாடியைத் தாண்டி அது வராது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய், எட்டு மணி நேரம் கூரைக்குக் கீழே நின்று, இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் ஜன்னலை மூடித் தூங்கும் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கும்? இடுப்பும் தொடையும் மந்தமாக வலிக்கிறது, மாடி ஏற முடியவில்லை, உடம்பெல்லாம் அசதி என்று அவர்கள் சொன்னால் அதைச் சோம்பல் என்று ஒதுக்கக் கூடாது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சில வார மருந்தில் சரியாகும். கால்சியத்துக்குக் கேழ்வரகை மிஞ்சிய தானியம் இல்லை. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 1,000 மில்லிகிராம். கூழும் மோரும் குடித்தவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமலே சரியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எலும்பு. மூட்டின் இயல்பு இதற்கு நேர் எதிர்.

இரண்டு எலும்பு சந்திக்கும் இடத்தில், முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. அதில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை இழுத்துக்கொள்வது போல, நடக்கும்போது அழுந்தியும் விட்டும் மூட்டுத் திரவத்திலிருந்து அது தன் உணவை எடுத்துக்கொள்கிறது. அசைவுதான் அதற்குச் சாப்பாடு. இரத்தம் இல்லாததால் அடிபட்டால் எலும்பைப் போல ஆறாது. நரம்பு இல்லாததால், பாதி போகும்வரை வலித்துச் சொல்லவும் சொல்லாது.

"முட்டி தேய்ஞ்சு போச்சு, அதிகம் நடக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க" என்று நம் தெருவில் எத்தனை அம்மாக்கள் சொல்கிறார்கள்! நடப்பதை நிறுத்தினால் தொடையின் முன்தசை இளைக்கும். அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது. அது இளைத்தால் முட்டியின் மேல் சுமை கூடும், வலி கூடும், நடை இன்னும் குறையும், எடை ஏறும். இந்தச் சுழலில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமையில் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவர் மாத்திரையைப் பாதியாக்க முடிவதில் ஆச்சரியமே இல்லை.

செய்ய வேண்டிய பயிற்சி மிக எளிது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, தொடைத்தசை கல்லாக இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்த்து, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் இரண்டு வாரம் பலன் எதுவும் தெரியாது, அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் தாக்குப்பிடித்தால் படி இறங்கும்போது வித்தியாசம் தெரியும். கீழே சம்மணமிட்டு உட்காருவதும், குத்தவைத்து உட்காரும் கழிப்பறையும் முட்டியை முழுக்க மடக்குவதால், தேய்மானம் வந்தவர்கள் உயரமான இருக்கைக்கு மாறிக்கொள்வது நல்லது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். கோயில் வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் பாருங்கள், பாதிப் பேர் வலிக்கிற பக்கமே ஊன்றியிருப்பார்கள்.

வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. அதே மருந்தின் களிம்பை முட்டியில் தடவிக்கொள்வது பலன் தரும், தீங்கு மிகக் குறைவு. எல்லாம் செய்தும் இரவில் தூங்க முடியவில்லை, வீட்டுக்குள் நடக்க முடியவில்லை என்னும் நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல வழி. அதற்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். ஒன்றரை லட்சத்தை ஒட்டி விற்ற செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது.

மூட்டு வலி எல்லாமே தேய்மானம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்று கேளுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் தளர்ந்துவிட்டால் தேய்மானமாக இருக்கலாம். ஒரு மணி நேரம் ஆகியும் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒருசேர வீங்கியிருக்கின்றன என்றால், அது முடக்குவாதமாக இருக்கக் கூடும். உடம்பின் காவல் செல்களே மூட்டின் உறையைத் தாக்கும் நோய் அது. முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வரும். முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் விரல் கோணுவதைத் தடுத்துவிடலாம். அதற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் எந்தக் கிழமை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போவது போல வலித்தால், யூரிக் அமிலப் படிகம் தங்கிய கௌட். 2006-இல் தமிழகம் முழுக்கப் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் பலரைக் குனிய வைத்தது. அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் இன்னும் வளர்கிறது. ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடேறி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது சீழ் மூட்டாக இருக்கலாம். சில நாளிலேயே குருத்தெலும்பைக் கரைத்துவிடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுவலி வாரக்கணக்கில் விடாமல், இரவில் கூடி, மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். பெரிய அறுவை இல்லாமல், வீட்டிலிருந்து நடமாடிக்கொண்டே மாத்திரையால் இதில் பெரும்பாலோர் குணமாக முடியும் என்பதை 1970-களில் சென்னை நோயாளிகளிடம் தொடங்கி, பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து நிறுவியது சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆய்வு மையம். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

மூட்டு வலிக்கு உடனடி நிவாரணம் என்று விற்கும் பெயர் தெரியாத பொடி, லேகியம், ஊசியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. இரண்டே நாளில் வலி மறைவதும், முகம் உப்புவதும், சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளங்கள். தொடர்ந்து எடுத்தால் இடுப்பு மூட்டின் உருண்டைக்கு இரத்தம் நின்று, அந்த எலும்பு செத்து நொறுங்கிவிடும். இளம் வயதில் இடுப்பு மூட்டு மாற்று செய்துகொள்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவும் மதுவுமே.

அசையாமை வேண்டும் எலும்புக்கும், அசைவு வேண்டும் மூட்டுக்கும் இடையில் சமரசம் செய்வதுதான் எலும்பு மருத்துவத்தின் தீராத வேலை. முறிவைக் கட்டி ஆறு வாரம் வைத்தால் எலும்பு கூடும், பக்கத்து மூட்டு பிடித்துக்கொள்ளும். 1958-இல் ஸ்விட்சர்லாந்தில் சில அறுவை மருத்துவர்கள் கூடி ஏஓ என்ற குழுவை அமைத்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு எலும்பை உள்ளே அசையாமல் பிடித்துவிட்டால், மறுநாளே மூட்டை ஆட்டலாம் என்பது அவர்கள் வழி. "உள்ளே ராடு வெச்சுட்டாங்க" என்று கவலைப்படுவோருக்கு அந்தக் கம்பியின் நோக்கம் தெரிய வேண்டும். அது அவர் சீக்கிரம் எழுந்து நடப்பதற்காக வைக்கப்பட்டது.

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டுக்கு வரும் அம்மாவிடம் இதையே சொல்லுங்கள். கட்டுக்குள் இருக்கும் எலும்பை ஆட்ட முடியாது, ஆட்டவும் கூடாது. வெளியே இருக்கும் ஐந்து விரல்களையும் அன்று மாலையிலிருந்தே மணிக்கொரு தரம் முழுக்க மடக்கி விரிக்க வேண்டும். முழங்கையை நீட்டி மடக்க வேண்டும், தோளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போக, கையைத் தொட்டிலில் மாட்டித் தொங்கவிட்ட சில வாரங்களே போதும். அப்படி இறுகிய தோள் தளர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம்.